வசனம் இல்லாத மூன்று மணி நேரம்

ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் நான்தான் ஜாக்சன் துரை. நடிப்புத் திறமைக்குக் கிடைத்த வேடம் இல்லை. வகுப்பில் என்னிடம்தான் முழுக்கை வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஷூவும் இருந்தன. முகம் முழுக்கப் பவுடரை அப்பி, தலைமையாசிரியர் அறையிலிருந்து தூக்கிவந்த கைவைத்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு நான்கு வரி வசனம். கட்டபொம்மனாக வந்த பையனுக்கு இரண்டு பக்கம். அவன் மீசையை முறுக்கி மூச்சுவிடாமல் பேசி முடித்தபோது மைதானமே விசில் அடித்தது. நான் எழுந்து நடுங்க வேண்டும். நடுங்கினேன். திரை விழுந்தது.

நாங்கள் நடித்த சம்பவம் உண்மையில் நடந்த கட்டடம் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. ராமநாதபுரம் அரண்மனை வளாகத்துக்குள், ராமலிங்க விலாசம். தினமும் அதைத் தாண்டித்தான் சைக்கிளில் போவோம். அங்கே போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எதற்குப் போக வேண்டும்? அந்தக் காட்சிதான் எங்களுக்கு மனப்பாடமாயிற்றே.

இந்தக் கட்டுரை அந்த மனப்பாடத்துக்கு எதிரானது. ஒருவனை ஒருவன் எதிர்த்து நிற்கும் காட்சி என்றாலே நமக்கு ஒரே சட்டகம்தான் தெரிகிறது: நாயகன் நிமிர்ந்து நிற்கிறான், ஒரு வரி சொல்கிறான், எதிரி சுருங்குகிறான். அந்தச் சட்டகத்துக்கு முன்னால் அவன் எவ்வளவு நேரம் நிற்க வைக்கப்பட்டான், அவன் கையில் என்ன கணக்கு இருந்தது, அது யாருடைய வீடு என்பதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டோம். வெட்டியதில்தான் வரலாறு இருக்கிறது. அதை வெட்டிப் பழகிவிட்டதால் நம் சொந்த வாழ்க்கையில் எதிர்த்து நிற்க வேண்டி வரும்போதும் வசனம் பேசித் தோற்றுப்போகிறோம். கடைசி வரியைச் சும்மா சொல்லவில்லை, அதற்கு நானே சாட்சி. பின்னால் வருகிறேன்.

*

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1798. பாஞ்சாலங்குறிச்சி கட்ட வேண்டிய கிஸ்தியில் 3310 பகோடா பாக்கி என்கிறது கம்பெனி. பகோடா என்று அவர்கள் எழுதியது நம் வராகன். படையை அனுப்பி வசூலிக்க வேண்டும் என்பது கலெக்டர் ஜாக்சனின் ஆசை. சென்னை அரசு அதற்கு அனுமதி தரவில்லை. உடனே ராமநாதபுரத்துக்கு வந்து என்னைப் பார் என்று ஆகஸ்டில் கட்டபொம்மனுக்கு ஓலை போகிறது. ஆனால் ஓலை அனுப்பியவர் ராமநாதபுரத்தில் இல்லை, சுற்றுப்பயணத்தில் இருக்கிறார். குற்றாலத்தில் பார்க்கப் போகிறார் கட்டபொம்மன். பார்க்க முடியாது என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்க்கப் போகிறார், அங்கேயும் முடியாது. 23 நாள் கலெக்டரின் பின்னாலேயே ஊர் ஊராகப் போகிறார். கடைசியில் செப்டம்பரில், ராமநாதபுரத்தில், ராமலிங்க விலாசத்தில் சந்திப்பு கிடைக்கிறது.

அங்கே அவருக்கு நாற்காலி இல்லை. தன் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையோடு மூன்று மணி நேரம் நிற்கிறார். கணக்கைப் பார்க்கிறார்கள். பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. மிச்சம் 1080 பகோடாதான். அதற்குப் பிறகும் விடுவதாக இல்லை. தன்னைச் சிறைபிடிக்கப் போகிறார்கள் என்று புரிந்து வெளியேறுகிறார். கோட்டை வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்படுகிறார். கட்டபொம்மன் தப்பிக்கிறார், பிள்ளை பிடிபடுகிறார்.

சினிமாவும் எங்கள் ஆண்டு விழாவும் இங்கே திரையைப் போட்டுவிடும். நிஜத்தில் இதற்குப் பிறகுதான் அந்த மனிதர் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் வருகிறது. பாஞ்சாலங்குறிச்சிக்குத் திரும்பியவர் சென்னைக்குப் புகார் எழுதுகிறார். கலெக்டர் என்னை இப்படி இப்படி நடத்தினார், கணக்கு இப்படி இருக்கிறது என்று. கம்பெனி வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காஸமேஜர் மூவரையும் கொண்ட விசாரணைக் குழுவைப் போடுகிறது. டிசம்பரில் கட்டபொம்மன் அதன்முன் போய் நிற்கிறார். குழு அவர்மேல் குற்றமில்லை என்கிறது. சிவசுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்படுகிறார். ஜாக்சனுக்குப் பதவி போகிறது. அந்த இடத்துக்கு லூஷிங்டன் வருகிறார்.

இதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு பாளையக்காரர் ஒரு வெள்ளைக்கார கலெக்டரின் வேலையைக் காலி செய்திருக்கிறார். எந்த வசனத்தாலும் இல்லை. நின்று, பொறுத்து, கணக்கை நேராக்கி, எழுதிப் போட்டு. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் கேட்ட பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வசனம் தெரிந்திருந்தது. ஒருவருக்கும் விசாரணைக் குழு தெரியவில்லை.

*

உடனே வரும் பதிலும் எனக்குத் தெரியும். "சினிமா மட்டும் இல்லேன்னா கட்டபொம்மன் யாருன்னே தெரிஞ்சிருக்காதுப்பா." உண்மைதான். 1959இல் பி. ஆர். பந்துலு எடுத்த படம், சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்து, சிவாஜியின் குரல். சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன ஒரு சமூகத்துக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இன்றும் டிவியில் அந்தக் காட்சி வந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறவன்தான் நான். படத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு படம் ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும், அது அதன் உரிமை. அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளாக அதைத் தவிர வேறு சட்டகத்தைத் தேடாத நம்மோடுதான் சண்டை.

எதிர்த்தரப்பு மட்டும் என்ன கிழித்தது? கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று புத்தகம் எழுதினார் தமிழ்வாணன். மாவீரன் என்று எழுதினார் ம.பொ.சி. இந்த வீரனா கொள்ளைக்காரனா பட்டிமன்றம் இன்னும் ஃபேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரு தரப்பும் அந்த 1080 பகோடாவைத் தாண்டிக் குதித்துவிடும். வீரன் என்பவர்களுக்கு அது வேண்டாம், ஏனென்றால் அவர்களுடைய கட்டபொம்மன் ஒரு காசுகூடக் கட்டியிருக்கக் கூடாது. கொள்ளைக்காரன் என்பவர்களுக்கும் வேண்டாம், ஏனென்றால் அவர்களுடைய கட்டபொம்மன் ரசீது வைத்திருக்கக் கூடாது. பெரும்பகுதியைக் கட்டிய, மிச்சத்துக்கு அவகாசம் கேட்ட, அவமானப்படுத்தப்பட்ட, அவமானத்தை எழுத்தில் பதிவு செய்த ஒரு மனிதரை யாருக்கும் பிடிக்கவில்லை.

*

அந்தக் கட்டடத்துக்குள் நான் முதன்முதலாகப் போனது இருபத்தொன்பதாவது வயதில். பெங்களூரில் இருந்து வந்த ஒரு நண்பனுக்கு ஊரைக் காட்டப் போய்த்தான் நானே பார்த்தேன். வெட்கக்கேடு.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். கட்ட உதவியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்பது இந்தப் பக்கம் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் செய்தி. கோயில் மாதிரி அமைப்பு: முதலில் பெரிய மண்டபம், பிறகு உள் மண்டபம், கடைசியில் கருவறைபோல ஓர் அறை. சுவரெல்லாம் ஓவியம். 1713 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தில் வரையப்பட்டவை. ராமாயணம், பாகவதம், அந்தப்புரம், அரசவை, கீழே தமிழில் குறிப்பு எழுத்துகள். சேதுபதிக்கும் தஞ்சை மராத்தியருக்கும் நடந்த போரும் இருக்கிறது.

போர்க் காட்சியைத்தான் நான் முதலில் தேடினேன். வேறு என்ன தேடுவேன்? என் கண் பழகியது அப்படி. பார்த்ததும் ஏமாற்றம். சேதுபதியும் சரபோஜியும் மூக்கோடு மூக்கு வைத்து முறைத்துக்கொள்ளவில்லை. யாரும் யாரையும் பார்த்து வாய் திறக்கவில்லை. சுவர் பூராவும் ஆட்கள், குதிரைகள், ஆயுதங்கள். நாயகன் முகத்துக்கு க்ளோஸப் கிடையாது.

கொஞ்ச நேரம் நின்றபின்தான் அந்தச் சுவர்களின் பேச்சு புரிய ஆரம்பித்தது. போர் தனியாக இல்லை. இன்னொரு காட்சியில் மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தின அபிஷேகம் செய்கிறார். இன்னொன்றில் ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். இன்னொன்றில் தொப்பிபோட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். ஒருவனை எதிர்க்க வேண்டுமென்றால் உன் பின்னால் யார் இருக்கிறார்கள், உனக்கு மேலே யார், உன் வாசலுக்கு யார் வந்து காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் எதிர்ப்பு. ஜென்னிஃபர் ஹௌஸ் தென்னிந்திய அரண்மனைகள் பற்றிய தன் நூலில் இந்தக் கட்டடத்துக்கு விரிவாக இடம் கொடுத்திருக்கிறார். அரண்மனை என்பது அரசன் தன்னைக் காட்டிக்கொள்ளும் கருவி என்ற கோணத்தில் பார்த்தால், இங்கே சுவருக்குச் சுவர் காட்டப்படுவது ஒன்றுதான்: யார் யாரைத் தேடி வர வேண்டும் என்பது.

அந்த ஐரோப்பியர் ஓவியத்தின் முன்னால்தான் எனக்கு மண்டையில் அடித்தது. இந்தச் சுவரில் தொப்பிக்காரர்கள் வந்தவர்கள், சேதுபதி வரவழைத்தவர். ஓவியம் வரைந்து எண்பது ஆண்டுகூட ஆகாத நிலையில், இதே கட்டடத்தில், தொப்பிக்காரர் வரவழைத்தவர். 23 நாள் அலைந்து வந்து நின்றவர் நம் ஆள். ஜாக்சன் எத்தனையோ இடங்களில் அந்தச் சந்திப்பை வைத்திருக்கலாம். குற்றாலத்தில் வைத்திருக்கலாம். அவர் அதைச் சேதுபதியின் கொலுமண்டபத்தில் வைத்தார். இடமே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு பாளையக்காரரை அந்த மண்டபத்தில் மூன்று மணி நேரம் நிறுத்தினால், இந்த வீட்டின் சொந்தக்காரன் எங்கே என்று யோசிப்பாரா மாட்டாரா?

சொந்தக்காரர் சிறையில் இருந்தார். முத்துராமலிங்க சேதுபதி. 1772இல் நவாபும் கம்பெனியும் ராமநாதபுரத்தைப் பிடித்தபோது குழந்தையாக இருந்த அவரைத் தாயோடு திருச்சிக் கோட்டையில் அடைத்தார்கள். கிட்டத்தட்ட பத்து ஆண்டு. திரும்ப வந்து ஆண்டார். துணி வியாபாரத்திலும் வரியிலும் கம்பெனியோடு மல்லுக்கட்டினார். 1795இல் மறுபடி பிடித்துப் பதவியைப் பறித்தார்கள். 1809இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். வாழ்நாளில் இருபது ஆண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த ஒரு மனிதர். அவருக்கு ஒரு படம் இல்லை, ஒரு வசனம் இல்லை, ஒரு ஆண்டு விழா நாடகம் இல்லை. ஏன்? அவருடைய எதிர்ப்பில் சட்டகம் கிடைக்காது. கடிதம், வரி, தறி, ஜெயில். விசில் அடிக்க அதில் இடமே இல்லை.

*

சுவரை நான் புனிதமாக்கவில்லை. சுவரும் பொய் சொல்லும். பணம் கொடுத்து வரைய வைத்தவர் சேதுபதி. தஞ்சையை மோதிய கதையை அவர் பக்கத்திலிருந்துதான் அது சொல்கிறது. முத்து விஜயரகுநாதருக்குப் பின் வாரிசுச் சண்டை வந்தபோது, அதே தஞ்சையின் படை உதவியோடுதான் கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் ராமநாதபுரத்துக்குள் நுழைந்தார்கள். சீமை பிளந்தது, சிவகங்கை தனியானது, வடக்கே ஒரு பகுதி தஞ்சைக்குப் போனது. சுவரில் இது எதுவும் இல்லை. எந்த அரசனும் தன் வீட்டுச் சுவரில் தோல்வியை வரைந்து வைக்க மாட்டான்.

ஆனால் இரண்டு பொய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சுவரின் பொய் உங்களை நடக்க வைக்கிறது. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும், கழுத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும், இது யார், அது யார் என்று கேட்க வேண்டும். கேட்க ஆரம்பித்தால் பொய் மெல்லப் பிடிபடும். நாம் பழகிய ஒற்றைச் சட்டகம் கேட்க விடுவதில்லை. கை தட்டு, அடுத்த ரீலுக்குப் போ.

போன ஆண்டு குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. செயற்கை நுண்ணறிவு வரைந்த கட்டபொம்மன்–ஜாக்சன் சந்திப்பு. கட்டபொம்மனுக்கு ஜிம்முக்குப் போன புஜம். ஜாக்சன் நாற்காலியோடு பின்னால் சாய்கிறார். பின்னணியில் ராஜஸ்தான் அரண்மனை மாதிரி வளைவுகள். நான்கு பேர் 'வீரவணக்கம்' போட்டிருந்தார்கள். அதில் இருவர் ராமநாதபுரத்திலேயே இருப்பவர்கள்! உண்மையான மண்டபம், உண்மையான ஓவியங்களோடு, அவர்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் நாற்பது ரூபாய் தூரம்.

என் பிழைப்பு மென்பொருள். அதனால் எந்திரத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நாம் ஊட்டியதைத்தான் அது கக்கும். எதிர்ப்பு என்றால் முறைப்பு என்று லட்சம் படங்களை ஊட்டியிருக்கிறோம், அது முறைத்த முகத்தைத் தருகிறது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டெமோவுக்கு எல்லோரும் வருவார்கள், கை தட்டுவார்கள். லாக் ஃபைலை ஒருவரும் திறக்க மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் படுத்துவிட்டால் காப்பாற்றுவது லாக் மட்டும்தான்.

*

இந்த முறைப்பு சினிமாவோடு வந்ததும் இல்லை. எங்கள் கடற்கரையின் மிகப் பழைய எதிர்ப்புக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ராமன் கடலை மிரட்டிய கதை. நம் மனதில் இருப்பது ரவி வர்மா: பாறைமேல் ராமன், கையில் வில், சீறும் அலை, பதறி எழும் வருணன். தன் கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனைக்கு வரைந்தது. அருமையான ஓவியம். நம் வீட்டு நாள்காட்டி ராமன்களில் பாதிப் பேர் அதன் பிள்ளைகள்.

இப்போது ராமநாதபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போய்த் திருப்புல்லாணியில் இறங்குங்கள். அதே கதை நடந்ததாக ஊர் நம்பும் இடம். அங்கே கோயிலில் இருக்கும் ராமன் படுத்திருக்கிறான். தர்ப்பைப் புல்லின் மேல். தர்ப்பசயன ராமன். வழி கொடு என்று கடலிடம் வேண்டிக் காத்திருந்த ராமன். வான்மீகி மூன்று நாள் என்கிறார், கம்பன் ஏழு நாள் என்கிறான். பதில் வராத பிறகுதான் வில்.

என் பாட்டிக்கு வில்லெடுத்த ராமன் ஒரு பொருட்டே இல்லை. "அவன் படுத்துக் கெடந்ததுதான்டா பெருசு. வில்ல யாரு வேணா எடுப்பான்" என்பாள். வரலாற்று ஓவியம் பற்றி அவள் ஒரு வரியும் படித்ததில்லை. ஒரு சிற்பி வில்லைச் செதுக்குவதா புல்லைச் செதுக்குவதா என்று யோசித்துப் புல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது.

காத்திருப்பு இல்லாமல் வில்லுக்கு நியாயம் இல்லை. ஏழு நாளை வெட்டிவிட்டால் ராமன் கடலைப் பார்த்துக் கோபப்படும் ஒரு கோபக்காரன். மூன்று மணி நேரத்தை வெட்டிவிட்டால் கட்டபொம்மன் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு ஆள்.

*

நான் சாட்சி என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன்.

அப்பாவுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதற்குப் பதினோரு ஆண்டு வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்தது. அப்பா வரி கட்டாத ஆள் இல்லை. மஞ்சப் பையில் ரசீதுகளை ஆண்டு வாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். இரண்டு ஆண்டு ரசீது மட்டும் இல்லை. ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பத்து மணிக்கு வரச் சொன்னவர் பத்தரைக்கு வந்தார். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி காலியாக இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. அப்பா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. அப்பாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது, முழங்கால் வலி.

"உட்காருங்கப்பா" என்றேன். "இருக்கட்டும்டா. நீ வாயத் தொறக்காத. ரசீது எல்லாம் இருக்குல்ல."

ஒரு மணி நெருங்கும்போது எனக்குள் ஜாக்சனாக நடுங்கிய அந்தப் பையனுக்குக் கட்டபொம்மன் வேடம் கிடைத்துவிட்டது. பேசினேன். நல்ல தமிழில், நல்ல குரலில். உங்கள் சம்பளம் யார் பணம் என்று ஆரம்பித்து இரண்டு நிமிடம் பேசினேன். ஃபோனை எடுத்து வீடியோ போட்டேன். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையைக்கூடத் தட்டினார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நடுங்கவில்லை. கோப்பை மூடினார். "வீடியோ எடுத்தா நான் எப்படி சார் வேலை பார்க்கறது? அடுத்த மாசம் வாங்க" என்றார்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா என்னைத் திட்டவில்லை. "இன்னைக்கு முடிஞ்சிருக்கும்டா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவரே மூன்று முறை போனார். நான் இல்லாமல். நின்றார். கணக்கைப் பார்க்க வைத்தார். ஒன்பது ஆண்டுப் பணம் கட்டப்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுக்குக் கட்டினார். தன்னை நிற்க வைத்த ஒவ்வொரு நாளையும், நேரத்தோடு, மேலிடத்துக்கு ஒரு பக்க மனுவாக எழுதிப் பதிவுத் தபாலில் போட்டார். அடுத்த முறை போனபோது உட்காரச் சொன்னார்களாம். என் வீடியோவுக்கு 340 லைக். அப்பாவின் மனுவுக்கு ஒரு நாற்காலி.

*

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். கணக்கும் மனுவும் கட்டபொம்மனைக் காப்பாற்றினவா? இல்லை. ஓராண்டுகூட ஆகவில்லை. 1799 செப்டம்பரில் பானர்மேன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். விடுவிக்கப்பட்ட அதே சிவசுப்பிரமணிய பிள்ளையைப் பிடித்து நாகலாபுரத்தில் கொன்றார்கள். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். எழுதிப் போட்ட புகாரைப் படித்து நியாயம் வழங்கிய கம்பெனிதான் தூக்கும் வழங்கியது. மனு கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொன்னால் நீங்கள் என்னைச் சிரிக்க வேண்டும்.

நான் சொல்வது வேறு. கடைசியில் வாளை எடுத்தவர், அதற்கு முன் எல்லா வழிகளையும் நடந்து பார்த்தவர். நடந்ததால்தான் அந்த வாளுக்கு எடை. ராமனுக்குப் புல்போல. இன்னொன்று, அந்த மூன்று மணி நேரம் இன்று நமக்குத் தெரிவதே அது தாளில் ஏறியதால்தான். கே. ராஜய்யன் போன்ற வரலாற்றாளர்கள் கம்பெனியின் ஆவணங்களைப் புரட்டித்தான் இந்தக் காலத்தை எழுதினார்கள். வசனம் காற்றில் போயிருக்கும். புகார் ஆவணக் காப்பகத்துக்குப் போனது. தங்கள் கலெக்டர் தப்பு செய்தார் என்று அவர்கள் தாளிலேயே அவர்களை எழுத வைத்துவிட்டுத்தான் அவர் செத்தார்.

ஆகவே ஓவியரே, இயக்குநரே, ரீல்ஸ் போடுபவரே, எந்திரத்திடம் படம் கேட்பவரே: எதிர்ப்பை வரையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரையும்போது மூன்று கேள்வி. இது யாருடைய வீடு? இவர் எவ்வளவு நேரமாக நிற்கிறார்? கணக்குச் சுவடி எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத படம் கட்டபொம்மனின் படம் இல்லை, உங்கள் ஆசையின் படம். பார்ப்பவர்களுக்கு இன்னும் சுலபம். ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது அரை மணி நேரம் ராமலிங்க விலாசத்தில் நில்லுங்கள். உட்காராமல் நில்லுங்கள். கால் வலிக்க ஆரம்பிக்கும்போது சுவர் கொஞ்சம் பேசும்.

அக்கா மகனுக்கு இந்த ஆண்டு பள்ளியில் கட்டபொம்மன் வேடம். வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்லித்தரச் சொல்லி வீடியோ காலில் வந்தான். சொல்லித்தந்தேன். "ஒண்ணு மட்டும் செய்டா. வசனத்துக்கு முன்னாடி மேடையில மூணு நிமிஷம் சும்மா நில்லு. ஜாக்சன் உட்கார்ந்து ஏதாவது எழுதிட்டு இருக்கட்டும்" என்றேன்.

"ஐயோ மாமா, கீழ கத்துவாங்க."

"கத்தட்டும்."

மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறான். முப்பது வினாடி கொடுத்திருக்கிறார்கள். நான் ஒப்புக்கொண்டேன். 3310இல் இருந்து 1080க்கு வந்தவரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுப் பேரம் பேச மாட்டேன் என்றால் எப்படி?